திருமலைப் பாதையில் காணாமல் போன 80 கோடி ஆண்டுகள்: படி ஏறுகிறவர்களுக்கு யார் சொல்வது?

அரக்கோணம் ஜங்ஷனில் திருப்பதி போகும் சப்தகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றால், முதல் போட்டி ஜன்னலோர சீட்டுக்குத்தான். திருத்தணி தாண்டியதும், மொபைலில் மூழ்கியிருந்த சிலர் தலையை நிமிர்த்துவார்கள். முருகன் மலை பின்னால் போக, நகரி, புத்தூர் என்று மலைகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். உச்சியில் மட்டும் யாரோ மதில் சுவர் கட்டி வைத்த மாதிரி செங்குத்தான பாறை. அதற்குக் கீழே சரிவு, புதர், உருண்டு கிடக்கும் கற்கள். 'செம வியூ' என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மறுபடி ரீல்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த மதில் சுவருக்குப் புவியியல் புத்தகங்களில் ஒரு பெயர் உண்டு: நகரி குவார்ட்சைட். பக்கத்து ஊர் நகரியின் பெயர்தான் அது. இதே பாறைதான் திருமலையின் உச்சியிலும் நிற்கிறது. அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில், பூமியின் வரலாற்றில் விழுந்த ஒரு பெரிய பிளவு கண்ணுக்கு நேராகத் திறந்து கிடக்கிறது. தினமும் சராசரியாக 60,000 பேருக்கு மேல் அதைத் தாண்டி மேலே போகிறார்கள். தாண்டியது பெரும்பாலானோருக்குத் தெரியாது.

அப்படி என்னதான் இருக்கிறது?

பிளவு என்றதும் நிலம் இரண்டாகப் பிளந்து நடுவில் பள்ளம் இருக்கும் என்றுதான் தோன்றும். திருமலையில் இருப்பது அப்படிப்பட்ட பிளவு இல்லை. இது காலத்தில் விழுந்த பிளவு.

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் சாலையில், மலையை வெட்டிய இடங்களிலும் ஓடைகளிலும் இது தெளிவாகத் தெரியும். கீழே கிரானைட், பூமியின் ஆதி காலமான ஆர்க்கியன் யுகத்தைச் சேர்ந்தது. அதற்கு மேலே அடுக்கடுக்காகக் குவார்ட்சைட்; சுமார் 160 கோடி ஆண்டு பழையது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கின்றன. கையை விரித்து வைத்தால் கட்டை விரல் ஒரு யுகத்திலும் சுண்டு விரல் இன்னொரு யுகத்திலும் இருக்கும். நடுவில் இருந்திருக்க வேண்டிய காலத்துக்குக் கல் இல்லை.

எவ்வளவு காலம்? இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்கில் 80 கோடி ஆண்டுகள். 50 கோடி என்று சொல்கிறவர்களும் உண்டு. பாறையின் வயதை எந்த இடத்தில், எந்த முறையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், டைனோசர்கள் அழிந்து இன்று வரை ஆன காலத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல்.

'எபார்க்கியன் அன்கன்ஃபார்மிட்டி' என்பது இதன் துறைப் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். 'ஆர்க்கியன் காலத்துப் பாறைக்கு மேலே விட்டுப்போன இடைவெளி' என்று பொருள் சொல்லலாம். நாட்டின் 34 தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் இதுவும் ஒன்று.

நடுவில் இருந்த காலம் எங்கே போனது?

ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள். மாடி போகிறது, சுவர் போகிறது, அஸ்திவாரம் மட்டும் மிஞ்சுகிறது. பல தலைமுறை அந்த மனை சும்மா கிடக்கிறது. பிறகு யாரோ வந்து அதே அஸ்திவாரத்தின் மேல் புது வீடு கட்டுகிறார்கள். பின்னால் வந்து பார்க்கிறவருக்குக் கீழே பழைய கல், மேலே புதுச் செங்கல் மட்டும்தான் தெரியும். நடுவில் அங்கே என்ன நடந்தது என்பதற்குச் சுவரில் சாட்சி இருக்காது.

திருமலையிலும் நடந்தது இதுதான். கிரானைட் என்பது பூமிக்குள் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி உருவாவது. அது வெளியே தெரிய வேண்டுமானால், அதற்கு மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை முழுவதும் மழையிலும் காற்றிலும் கரைந்து போயிருக்க வேண்டும். புல் இல்லை, மரம் இல்லை, நிலத்தில் எந்த விலங்கும் இல்லை. வெறும் பாறை மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்த நிலப்பகுதி மெல்லத் தாழ்ந்தது. பூமியின் மேலோடு இழுபட்டதால் தாழ்ந்தது என்று புவியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்தது. அதன் அடியில் மணல் படிந்தது. படிந்த மணல் இறுகி மணற்பாறையாகி, இன்னும் இறுகிக் குவார்ட்சைட் ஆனது. இப்படி உருவானதுதான் கடப்பா படுகை. பிறை வடிவத்தில் சுமார் 44,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. பெண்ணாறு அறுத்துக்கொண்டு ஓடும் கண்டிகோட்டா பள்ளத்தாக்கும் இதே படுகையில்தான் இருக்கிறது. 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று இன்ஸ்டாகிராமில் சுற்றுகிறதே, அதேதான்.

நடந்தே பார்க்கலாம்

பஸ்ஸிலும் காரிலும் போகிறவர்களுக்கு இந்த இடம் ஒரு வளைவு, அவ்வளவுதான். மலைச்சாலையில் நிற்கவும் முடியாது, நிற்கவும் கூடாது. நடந்து ஏறுகிறவர்களின் நிலைமை வேறு.

அலிபிரி பாதை சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். சீனிவாச மங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு குறுக்குப் பாதை. சுமார் 2 கிலோமீட்டர், 2,388 படிகள். மலையின் அடியில் கிரானைட், உச்சியில் குவார்ட்சைட் என்பதால், ஏறுகிறவர் ஏதோ ஓரிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். புரட்டாசியில் அரக்கோணம், திருத்தணி வழியாக மஞ்சள் உடுத்திக் 'கோவிந்தா' சொல்லிப் பாதயாத்திரையாகப் போகிறவர்கள் எல்லோரும் இதைத் தாண்டியவர்கள்தான்.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். அலிபிரியின் முதல் படியில் பூமி பிறந்தது, 3,550-வது படி இன்று என்று வைத்துக்கொண்டால், ஒரு படிக்குச் சுமார் 12.8 லட்சம் ஆண்டுகள். காணாமல் போன 80 கோடி ஆண்டுகள் என்பது இந்தக் கணக்கில் 625 படிகள். மூச்சு வாங்க ஏறினாலும் சீக்கிரம் முடியாத தூரம். டைனோசர்கள் அழிந்தது உச்சிக்கு 52 படி கீழே. இன்றைய மனித இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அது கடைசிப் படியில் கால் பாகம். சங்க காலம் தொடங்கி இன்று வரை உள்ள மொத்த வரலாறும் அந்தப் படியின் விளிம்பில் ஒரு கீறல் அளவுக்குக்கூட வராது.

இது வெறும் விளையாட்டு இல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் 2010-ல் இதே யோசனையில் 'காலப் பாதை' என்று ஒரு நடைபாதையைத் திறந்தார்கள். ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டுகள். வழியில் அந்தந்தக் காலத்துக் கல்லை வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். அங்கேயும் திருமலையைப் போலவே பாறை அடுக்குகளுக்கு நடுவே பெரிய கால இடைவெளி இருக்கிறது. அதை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை; அதைக் காட்டித்தான் கூட்டத்தை வரவழைக்கிறார்கள்.

ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் பூங்காவில் நிலமே இரண்டாக விலகிக்கொண்டிருக்கிறது. வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் பிரிகின்றன. பாறைச் சுவருக்கு நடுவே நடைபாதை போட்டிருக்கிறார்கள். அந்த நாட்டு மக்கள் மன்றம் 930-ல் முதன்முதலாகக் கூடியதும் அங்கேதான். நிலத்தின் கதையையும் மக்களின் கதையையும் ஒரே பாதையில் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயிண்டில் 1788-ல் ஜேம்ஸ் ஹட்டன் இப்படி ஒரு இடைவெளியைப் பார்த்துத்தான், பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளில் அடங்காது என்ற தன் வாதத்துக்குச் சான்று காட்டினார். அந்தக் கடற்கரைப் பாறையைப் பார்க்க இன்றும் உலகெங்கும் இருந்து ஆட்கள் போகிறார்கள்.

இந்தக் கல்லுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

'திருப்பதி ஆந்திராவில் இருக்கு, நமக்கென்ன' என்று ஒரு கேள்வி வரலாம். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவோடு நின்றன. மனிதர்கள் போட்ட கோடு அது. மலைக்கும் தண்ணீருக்கும் அந்தக் கோடு தெரியாது. நகரி மலைப்பக்கம் பெய்யும் மழை நகரி ஆறாக ஓடிவந்து, கொசஸ்தலையில் கலந்து, பூண்டி ஏரிக்குப் போகிறது. சென்னையில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் அந்த மலையின் பங்கும் இருக்கிறது.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த இடம். பின்னாளில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த கற்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை குவார்ட்சைட்டில் செய்யப்பட்டவை. அந்தக் குவார்ட்சைட் கூழாங்கற்கள் பக்கத்து அல்லிக்குழி மலையின் கூழாங்கல் அடுக்கிலிருந்து வந்தவை. அவற்றுக்குத் தாய்ப்பாறை வடக்கே நகரிப் பக்கத்து மலைகள்தான் என்பது புவியியலாளர்களின் கருத்து.

அதாவது, ரயில் ஜன்னலில் தெரியும் அந்த மதில் சுவரிலிருந்து உடைந்து உருண்டு வந்த கல்லைத்தான் இந்த மண்ணின் ஆதி மனிதர்கள் கையில் எடுத்துக் கருவியாக்கினார்கள். படிக் கணக்கில் சொன்னால், அது நடந்தது கடைசிப் படிக்குச் சற்றுக் கீழே.

பட்டியலில் சேர்த்தால் போதுமா?

2025 செப்டம்பரில் ஒரு நல்ல செய்தி வந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் ஏழு இயற்கை இடங்கள் புதிதாகச் சேர்ந்தன. 'திருமலை மலைகளின் இயற்கைப் பாரம்பரியம்' அதில் ஒன்று. இந்தக் கால இடைவெளியும், கோயிலிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் இருக்கும் இயற்கைக் கல் வளைவான சிலாதோரணமும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

சந்தோஷம்தான். ஆனால் பட்டியல் ஒரு பூட்டு இல்லை. அதே ஏழு இடங்களில் விசாகப்பட்டினம் அருகே உள்ள எர்ரமட்டி திப்பலு என்ற செம்மணல் மேடுகளும் உண்டு. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற பெயர் இருந்தும், 2024-ல் அங்கே மண்ணை வெட்டிச் சமன் செய்யும் வேலை நடந்து, பெரிய எதிர்ப்பு எழுந்தது. பெயர்ப் பலகை இருந்தும் இந்த நிலைமை என்றால், பலகையே இல்லாத மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் துணைக்கு இல்லை. கோயில், கோட்டை, கல்வெட்டு ஆகியவற்றைக் காக்கத் தொல்லியல் சட்டம் இருக்கிறது. பாறைக்கும் புதைபடிவத்துக்கும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களுக்கான மசோதா வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள், பரங்கிமலை சார்னோக்கைட் பாறை, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பள்ளத்தாக்கு என்று நான்கு தேசியப் புவியியல் சின்னங்கள் இருக்கின்றன. இவற்றின் நிலைமையும் இதே சட்டத்தை நம்பித்தான்.

ஆகவே மிச்சமிருக்கும் ஒரே காவல், ஜனங்களுக்கு அது என்னவென்று தெரிந்திருப்பது. தெரியாத மலை ஜல்லிக் கணக்கில் சேர்ந்துவிடும். தெரிந்த மலையில் கை வைத்தால் நாலு பேராவது கேட்பார்கள்.

'சாமி கும்பிடப் போன இடத்தில் பாறைப் பாடமா?'

இந்த எதிர்ப்பு நியாயமானதுதான். போனோமா, கும்பிட்டோமா, லட்டு வாங்கினோமா என்று வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி வகுப்பு எடுக்க முடியாது. அலிபிரிப் படிகளில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படியில் பெயின்ட்டால் 'டைனோசர்' என்று எழுதினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் திருமலை பக்தர்களுக்கு மலையே வழிபாட்டுக்குரியது என்பதை மறக்கக் கூடாது. மலையைக் காலால் மிதிக்கத் தயங்கி ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பது மரபு. முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்தான பகுதியில் இன்றும் பலர் அப்படியே ஏறுகிறார்கள். கல்லை இவ்வளவு மதிக்கிற மக்களிடம், அந்தக் கல்லின் வயது இவ்வளவு என்று சொல்வது பக்தியைக் குறைக்காது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. அது காடு, ஏற்கெனவே கூட்டம் அதிகம். 2023 ஆகஸ்ட்டில் அலிபிரிப் பாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதன் பிறகுதான் குழந்தைகளோடு ஏறுகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. இதற்கு மேல் சுற்றுலா என்ற பெயரில் புதுப் பாதை வெட்டுவதோ, கண்ணாடிப் பாலம் கட்டுவதோ சரியாக இருக்காது. அது தேவையும் இல்லை. பாதை ஏற்கெனவே இருக்கிறது, நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாதது விளக்கம் மட்டும்தான்.

விளக்கம் வெறும் அறிவுப் பசிக்கு மட்டும் இல்லை. 2021 நவம்பர் மழையில் ஸ்ரீவாரி மெட்டு பாதை சேதமாகி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அடுத்த சில நாளில், டிசம்பர் 1 அன்று, மலைச்சாலையில் பெரிய பாறைகள் உருண்டு விழுந்து போக்குவரத்து நின்றது. குவார்ட்சைட் ரொம்பக் கெட்டியான பாறை. ஆனால் அதில் விரிசல்கள் உண்டு. மழைநீர் விரிசலுக்குள் இறங்கிக் கட்டி கட்டியாகப் பெயர்த்துவிடும். கனமழைக்குப் பிறகு ஏன் பாதையை மூடுகிறார்கள் என்பது இந்தப் பாறையைப் பற்றித் தெரிந்தவருக்குச் சொல்லாமலே புரியும். ஊழியரிடம் சண்டைக்குப் போக மாட்டார்.

என்ன செய்யலாம்?

செலவு பெரிதாக ஆகாது. நடைபாதையில் இளைப்பாறும் மண்டபங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் படிக்கிற மாதிரி, தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலத்தில் நான்கு வரிப் பலகைகள் போதும். 'நீங்கள் இதுவரை மிதித்தது கிரானைட். இனி குவார்ட்சைட்' என்று ஒரு பலகை. படிக் கணக்கில் பூமியின் வயதைக் காட்டும் சில பலகைகள். பாதையோரத்தில் இரண்டு பாறையிலிருந்தும் ஒவ்வொரு துண்டு, தொட்டுப் பார்க்க.

அரக்கோணத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. சென்னை, காட்பாடி, காஞ்சிபுரம் என்று மூன்று பக்கத்திலிருந்தும் திருப்பதிக்குப் போகிறவர்கள் கூடும் ஜங்ஷன் இது. ரயிலுக்குக் காத்திருக்கும் பிளாட்பாரத்தில், அடுத்து ஜன்னலில் வரப்போகும் மலைகளின் படமும் பெயரும் வயதும் போட்டு ஒரு பலகை வைத்தால், ரயிலில் ஏறும்போதே பாடம் ஆரம்பித்துவிடும். திருத்தணி நிலையத்தில் இன்னொன்று. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் மலைகளில் எது எந்தப் பாறை, எங்கே குவாரி, எதைத் தொடக் கூடாது என்று ஒரு கணக்கெடுப்பும் தமிழ்நாட்டின் பங்காக வேண்டும். அந்தந்தக் கல்லூரி மாணவர்களையே இறக்கினால்கூட நடக்கிற வேலை அது.

உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருந்த பிறகுதான் ஓர் இடத்தை யுனெஸ்கோவுக்கு முறைப்படி பரிந்துரைக்க முடியும். பரிந்துரைக்கும்போது, இந்த இடத்தை எப்படிக் காக்கிறீர்கள், வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலை எழுதத் தொடங்க இதைவிடச் சரியான நேரம் கிடையாது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை திருமலைக்கு நடந்து ஏறும்போது, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை பாதையோரப் பாறையைப் பாருங்கள். உருண்டு திரண்ட சாம்பல் நிறக் கல் போய், செம்மண் சாயலில் அடுக்கடுக்கான கல் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். கூட வரும் குழந்தை 'ஏன் கல் மாறிப் போச்சு?' என்று கேட்டால், இப்போது சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது.